ஸ்டெல்லாவிடம் நீ கேட்ட கேள்விகள்

கண்ணு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது காலையில் அனுப்பிய சூட்கேஸ் போட்டோவிலேயே தெரிந்துவிட்டது. என் நலத்தை நீ விசாரிக்கும் விதமும் எனக்குத் தெரியும். "மாத்திரை போட்டியா?" என்பாய். "போட்டேன்" என்பேன். "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் போனை ஓரமாகப் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன். அடுத்த வாரம் ஜெர்மனிக்கு விமானம் ஏறப் போகிற பிள்ளைக்கு அம்மா எழுத வேண்டியது, குளிருக்கு எதைப் போட்டுக்கொள்ள வேண்டும், ஊறுகாய் பாட்டிலை எதில் சுற்ற வேண்டும் என்பதைத்தான். அதை உன் அப்பா சொல்லட்டும். நான் எழுத உட்கார்ந்தது ஸ்டெல்லாவைப் பற்றி. நம் நாற்று நர்சரிக்கு மேனேஜராகப் போடலாம் என்று நீ கைகாட்டினாயே, அந்த ஏரியூர்ப் பக்கத்துப் பெண். "அவ நமக்கு ஒத்து வர மாட்டா" என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். அவள்மேல் எனக்குப் பொறாமை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான். இதை எழுதும்போதும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

எங்கே ஆரம்பித்தது என்று சொல்கிறேன். என் மூட்டு தேய்ந்துவிட்டது என்று தருமபுரி டாக்டர் சொன்ன நாளிலிருந்து நீ ஒரே பிடியாகப் பிடித்தாய். நர்சரிக்கு ஆள் போட்டாக வேண்டும், அம்மா உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டும், இல்லையென்றால் நிம்மதியாக விமானம் ஏற முடியாது. பெங்களூர் கம்பெனியில் பெரிய பெரிய பொறுப்புக்கு ஆள் எடுப்பதுதான் உன் வேலை. அதனால் நம் நிழல்வலைக் கொட்டகைக்கும் நீயே ஆள் எடுத்துத் தருவதாகச் சொன்னாய். "தக்காளி நாத்து எப்டி வளக்கறதுன்னு யாருக்கு வேணாலும் கத்துக் குடுத்துக்கலாம்மா. நாலு பேர நடத்திப் போற குணம் இருக்குதா, நம்ம இடத்துக்கு ஒத்து வராங்களா, அதான் பாக்கணும். அதுக்கு எங்க கம்பெனில தனியா ஒரு ரவுண்டே இருக்குது. கல்ச்சர் ஃபிட்னு பேரு" என்றாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் பிள்ளை வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லையே, இப்போதாவது பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் வினையானது.

இன்டர்வியூ அன்றைக்கு நான் செய்த கூத்துக்கு நீ தலையில் அடித்துக்கொண்டாய், ஞாபகமிருக்கும். ஆள் பார்ப்பது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பெண் பார்ப்பது. கேசரி கிளறினேன், பஜ்ஜி போட்டேன், பட்டுப் புடவை கட்டிக்கொண்டேன். முந்தின வாரமே உன் மாமாவை ஏரியூருக்கு அனுப்பி அந்தப் பெண் எப்படி, குடும்பம் எப்படி என்று விசாரிக்கவும் சொல்லியிருந்தேன். "ஐயோ அம்மா, இது இன்டர்வியூ! அவங்க வூட்டப் பத்தி எதுக்கு விசாரிக்கிற?" என்று கத்தினாய். பிறகு நீயே யாருக்கோ போன் போட்டு, "அவங்க அங்க எப்டி வேல செஞ்சாங்க, எல்லார்கூடவும் ஒத்துப் போவாங்களா?" என்று கேட்டதை நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உன் மாமா டீக்கடையில் கேட்டதை நீ போனில் கேட்டாய். எதிர்வீட்டு அம்மா வேறு எட்டிப் பார்த்து, "என்னங்க, தம்பிக்கு ரெண்டாவது பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நல்லவேளை, அந்த நேரத்தில் என் மருமகள் ஊரில் இல்லை.

முதலில் வந்த இருவரை விடு. விவசாயம் படித்துவிட்டு வந்த பையன் மைக் முன்னால் நிற்பதுபோலவே பேசினான். உரக்கம்பெனியிலிருந்து வந்தவர் உன்னைப் பார்த்து மட்டும் பேசினார். நாற்றையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. உன்னுடைய கேள்விகள் முடிந்ததும் எல்லோருக்கும் நான் ஒரு சோதனை வைத்தேன். பலகையில் நாற்று ட்ரேக்களை அடுக்கி, மாதம்மாவோடு சேர்ந்து கொட்டகையின் அந்தக் கோடிக்குத் தூக்கிப் போகச் சொன்னேன். உனக்கு அது எதற்கென்று புரியவில்லை. மாதம்மா மெதுவாக நடப்பவள், எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பவள், நானே அவளிடம் பார்த்துத்தான் பேசுவேன். பையன் முன்னால் நின்று அவளை இழுத்துக்கொண்டு போனான். உரக்கம்பெனிக்காரர், "ஆளுங்க இல்லீங்களா?" என்று கேட்டார். ஸ்டெல்லா பலகையைத் தொடுவதற்கு முன்னால் மாதம்மாவைப் பார்த்து, "நீங்க முன்னால வர்றீங்களாக்கா, பின்னால வர்றீங்களா?" என்று கேட்டாள். மாதம்மா சிரித்துவிட்டாள். கண்ணு, அவள் பல் வரிசையை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். இத்தனை வருஷமாக என் கொட்டகையில் வேலை செய்கிறாள், எனக்கு ஒரு சிரிப்பு கொடுத்தாளா? அங்கேயே எனக்குக் கொஞ்சம் புகைய ஆரம்பித்துவிட்டது.

ஆனால் என்னைத் தின்றது அது இல்லை. அதற்கு முன்னால் நடந்தது. ஸ்டெல்லா வந்து உட்கார்ந்ததும் நீ போனை எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாய். நான் பார்த்தேன். என்னோடு சாப்பிடும்போதுகூடத் தட்டுக்குப் பக்கத்திலேயே மல்லாந்து கிடக்கும் அந்தப் போன். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, முழங்காலில் கையை ஊன்றி, மோவாயைத் தாங்கிக்கொண்டு அவளைக் கேட்டாய். "உங்ககிட்ட வேல செஞ்சவங்க உங்களப் பத்தி என்ன சொல்வாங்க?" "எல்லாரும் வேணாம்னு சொன்ன ஒண்ண நீங்க பிடிவாதமாச் செஞ்சது உண்டா?" "உங்களுக்குத் தைரியம் எங்க இருந்து வந்துச்சு?" அவள் பதில் சொல்லச் சொல்ல, "அப்பறம்?" என்றாய், "ஏன் அப்டி நெனச்சீங்க?" என்றாய், "இன்ட்ரஸ்டிங்" என்றாய். என் காபி ஆறி, ஆடை படிந்து, ஈ விழுந்தது. நீ அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் நர்சரி, நான் வாங்கிப் போட்ட நாற்காலி, நான் பெற்ற பிள்ளை. கேள்வி மட்டும் அவளுக்கு.

இது புதுசில்லை என்று உன் அப்பா சொல்கிறார். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, "இட்லிக்குத் தேங்கா சட்னிதான் நல்லதுன்னு டீச்சர் சொன்னாங்க" என்று வந்து சொன்னாய். அந்த வாரம் முழுக்கத் தக்காளிச் சட்னிதான் அரைத்தேன். காலேஜில் ஹாஸ்டல் வார்டன், அப்புறம் "எங்க மேனேஜர் என்ன சொல்வாருன்னா" என்று ஆரம்பிப்பாயே, அந்த மனிதர். முகம் தெரியாத ஆள்மேல் இத்தனை வருஷம் கடுப்போடு இருந்தவள் நான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உன் அப்பாவிடம் பொருமித் தீர்த்தேன். அவர், "அந்தப் பொண்ணு மேல எதுக்கு எரிஞ்சு விழற? அவன் வேலைக்கு ஆள் எடுக்கறான், கேக்கறான். உன்ன எதுக்குக் கேக்கணும்? நீ அம்மா" என்றார். "அம்மான்னா கேக்கக் கூடாதா? நான் என்ன, பொறக்கும்போதே அம்மாவாப் பொறந்தனா?" என்று கேட்டேன். அவர் மோர் ஊற்றச் சொல்லிவிட்டார்.

ஒரு கேள்வி மட்டும் இன்னும் என் காதிலேயே நிற்கிறது. "நீங்க எடுத்த முடிவு ஒண்ணு தப்பாப் போச்சுன்னா, அதச் சொல்லுங்க" என்றாய். அவள் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் பழம் நறுக்கும் பெண்களுக்கு மேற்பார்வை பார்த்தவள். அங்கே ஒரு வயதான அம்மா நாள் முழுக்க நின்று கால் வீங்கிப் போனார்களாம். இவள் இரக்கப்பட்டு, லேபிள் ஒட்டும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாளாம். அந்த அம்மா மறுநாளிலிருந்து வேலைக்கே வரவில்லையாம். வீடு தேடிப் போய்க் கேட்டதற்கு, "கத்தி புடிச்ச கையில லேபிள் குடுத்து என்னக் கெழவி ஆக்கிட்டியே" என்றார்களாம். "அவங்களக் கேக்காமயே அவங்களுக்கு நல்லது பண்ணிட்டேங்க. அதான் நான் பண்ண தப்பு" என்றாள் ஸ்டெல்லா. நீ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாய். ரொம்ப நல்ல பதில் என்று அவளிடமே சொன்னாய். கண்ணு, அப்போது உன் கைக்கு எட்டும் தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். மூட்டு தேய்ந்தவள், என்னைக் கேட்காமலே ஓய்வு கொடுக்கப்பட்டவள். அந்தப் பதில் என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது. நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. உன்மேல் வந்த கோபத்தையும் சேர்த்து அவள் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன்.

கடைசியில் உங்கள் வழக்கப்படி, "நீங்க எங்களக் கேக்கறதுக்கு ஏதாவது இருக்குதா?" என்றாய். சம்பளம் கேட்பாள், லீவு கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் நாற்காலியோடு என் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க இத எப்டிங்க ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டாள். யாரும் கேட்டதில்லை, கண்ணு. நாற்று வாங்க வரும் விவசாயி கேட்டதில்லை, உன் அப்பா கேட்டதில்லை, நீ கேட்டதில்லை. வாயைத் திறக்கலாம் என்று நினைப்பதற்குள் நீ கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அது பெரிய கதைங்க, அம்மா இன்னொரு நாள் சொல்வாங்க" என்று எழுந்துவிட்டாய். பெரிய கதை என்று உனக்கு எப்படித் தெரியும்? நீதான் கேட்டதே இல்லையே. நானும் என் பங்குக்கு, "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடிப் போனதைப் பார்த்து ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சந்தோஷப்பட்டேன்.

மத்தியானம் ஆகிவிட்டதே என்று, "சாப்ட்டுட்டுப் போங்க" என்று நீ அவளைக் கூப்பிட்டாய். எனக்குப் பகீர் என்றது. பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரி, பஜ்ஜி, காபியோடு எழுந்துவிட வேண்டும். முடிவாகாமல் சோற்றில் கை நனைக்கக் கூடாது. கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். உனக்கு அது மறந்து போயிற்று. அவளுக்கு மறக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே, "இருக்கட்டும் சார். முடிவாவட்டும், அப்பறம் வந்து கை நனைக்கறேன்" என்று சொல்லிவிட்டு, வெளியே புளியமரத்தடியில் வண்டியோடு நின்ற புருஷனோடு ஏறிப் போய்விட்டாள். "என்னம்மா, சாப்பிடக் கூப்ட்டா வர மாட்டேங்கறாங்க, கொஞ்சம் ஒட்டாத டைப்போ?" என்று நீ என்னைக் கேட்டாய். அந்த நொடியில் அவள்தான் நம் வீட்டுக்காரி மாதிரி இருந்தாள், நீதான் வெளியாள் மாதிரி இருந்தாய். அதற்கும் சேர்த்து எரிந்தது.

மறுநாள் நீ பெங்களூரிலிருந்து போன் பண்ணினாய். "என்னம்மா, ஸ்டெல்லாவ ஓகே பண்ணிரலாமா?" நான் உன் வார்த்தையையே எடுத்து உன்மேல் போட்டேன். "தெறமையெல்லாம் இருக்குது. ஆனா நமக்கு ஒத்து வர மாட்டா." "சரிம்மா, வேற ஆள் பாக்கறேன்" என்றாய். ஒரு "ஏன்" கேட்டிருந்தால் உடைந்திருப்பேன். அவள் ஒரு வரி சொன்னால் மூன்று "ஏன்" கேட்ட பிள்ளை, என்னிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் கழுத்துச் சிலுவையை நான் பார்த்ததை நீ பார்த்தாய். உன் மாமா, "என்ன ஆளுங்க?" என்று இழுத்ததும் உன் காதில் விழுந்திருக்கும். அம்மா அதைத்தான் மனசில் வைத்துப் பேசுகிறாள், கிளறினால் சண்டை வரும், ஊருக்குப் போகிற நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டாய். எனக்குள் அந்த அழுக்கே இல்லை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். உன் மாமா விசாரிக்கப் போனபோது நான் தடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு என்னைத் தின்றது அது இல்லை. என்னை எதற்கு வேண்டுமானாலும் திட்டு, செய்யாததற்கு மனசுக்குள் மன்னித்து வைக்காதே.

நீ போகிற இடத்திலும் ஆள் எடுக்கும் வேலைதான் என்றாய். அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். யாராவது உன்னிடம் வந்து, "நல்ல ஆள்தான், ஆனா நமக்கு ஒத்து வர மாட்டாங்க" என்று சொன்னால், அந்த ஆளை விட்டுவிட்டு, சொன்னவரை உட்கார வைத்துக் கேள். "நமக்கு"ன்னா யாருக்கு? எதுல ஒத்து வராது? அந்த ஒரு வார்த்தைக்குள் எதை வேண்டுமானாலும் போட்டு மூடிவிடலாம். சாதியைப் போடலாம், பயத்தைப் போடலாம். நான் என் வயிற்றெரிச்சலைப் போட்டு மூடினேன், நீ திறந்து பார்க்காமலே வாங்கிக்கொண்டாய். பெரிய பெரிய படிப்பெல்லாம் படித்த உன்னை ஒரு நர்சரிக்காரி எவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட்டேன் பார். அங்கே என்னைவிடக் கெட்டிக்காரிகள் இருப்பார்கள்.

பிறகு என்ன நடந்தது என்று கேள். அன்றிலிருந்து மாதம்மா தினமும், "அந்தக்கா எப்ப வர்றாங்க?" என்று நச்சரித்தாள். "வரல, போ" என்று எரிந்து விழுந்தேன். அந்த வாரம் பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்ததால், சொல்லி வைத்திருந்த விவசாயிகள் நாற்றெடுக்க வரவில்லை. நாற்றெல்லாம் நெட்டுநெட்டாக வளர்ந்து நின்றது. அதற்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே நடந்தவள், நான் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். ஸ்டெல்லாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! எப்டி ஆரம்பிச்சேன்னா, மொதல்ல, என்று ஆரம்பித்துக் கொட்டகையின் கோடி வரைக்கும் போய்விட்டேன். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. குழாயை மூடிவிட்டு அவளுக்குப் போன் போட்டேன். நர்சரிக்காகக் கூப்பிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும், எனக்காகத்தான் கூப்பிட்டேன். "நாளைக்கு வா. சாப்பாடு இங்கதான்" என்றேன். "வரேங்கம்மா" என்றாள். ஆனால் ஓய்வெடுக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். நிற்க முடியாவிட்டால் நானே நாற்காலி கேட்பேன், யாரும் கொண்டுவந்து போட வேண்டாம். அவள் சிரித்தாள். அவளுக்குக் குரல் ரொம்பப் பெரிசு, எல்லாவற்றுக்கும் சிரிக்கிறாள், நான் பழகிக்கொள்ள வேண்டும்.

நேற்று வந்தாள். களி கிண்டி, கீரைக் குழம்பு வைத்தேன். உட்கார்ந்து இரண்டு உருண்டை சாப்பிட்டாள். கை நனைத்தாகிவிட்டது, முடிந்தது. இனி உன் கம்பெனி வழக்கப்படி என்ன பேப்பர் அனுப்ப வேண்டுமோ அனுப்பிக்கொள். கையைக் கழுவிவிட்டு வந்ததும் அவள் போனைப் பைக்குள் போட்டாள். "இப்பச் சொல்லுங்கம்மா, எப்டி ஆரம்பிச்சீங்க?" என்றாள். சொன்னேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு யார் வீட்டு வாசலில் போய் நின்றேன், முதல் நாற்றெல்லாம் செத்தபோது என்ன செய்தேன், உன் மாமாவோடு எதற்காகப் பேசாமல் இருந்தேன், தைரியம் எங்கேயிருந்து வந்தது, எல்லாம். அவளும் உன்னைப் போலவே, "அப்பறம்?" என்றாள், "ஏன் அப்டி நெனச்சீங்க?" என்றாள். வெயில் சாய்கிற வரைக்கும் பேசினேன். உன் அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தார். அவருக்கே பாதி தெரியாது.

உனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறதா? இந்தக் கடிதத்தில் ஒரு வரி எழுத மாட்டேன். ஸ்டெல்லாவிடம் கேட்டுக்கொள். என் கதை முழுசும் இப்போது அவளிடம் இருக்கிறது, பெற்ற பிள்ளையிடம் இல்லை. வயிறு எரிகிறதா? எரியட்டும். எனக்கு எப்படி இருந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். பொறுக்க முடியாவிட்டால் விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒரு நாள் புறப்பட்டு வா. அதே நாற்காலியை எடுத்துப் போட்டு வைக்கிறேன். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடு. எதை வேண்டுமானாலும் கேள், "மாத்திரை போட்டியா" என்று மட்டும் கேட்காதே. என் பதிலெல்லாம் உனக்குப் பிடிக்க வேண்டும் என்றில்லை, நான் உனக்கு ஒத்து வர வேண்டும் என்றுமில்லை. நீ இந்த வீட்டுப் பிள்ளை. உனக்கு மட்டும் எதுவும் முடிவாவதற்கு முன்னாலேயே சாப்பாடு உண்டு.

உன் அம்மா